கோணமலைக் கடலில் ஓர் இலத்தீன் பூதம்

பங்குனி பிறந்து வாடை ஓய்ந்துவிட்டால் திருகோணமலையில் கடலின் முகமே மாறிவிடும். மாரி முழுவதும் கரையை அறைந்துகொண்டிருந்த தண்ணீர் அசையாமல் கிடக்கும். அப்படியொரு காலையில் கோணேசர் கோயிலில் பூசை பார்த்துவிட்டு, சுவாமி மலையின் கிழக்கு விளிம்பில் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு முதியவர். ஆயுள் முழுக்கக் கடலில் கிடந்தவர் என்பதை அவருடைய கைகளே சொல்லின. அடிவானத்துக்குச் சற்று இப்பால் விரலை நீட்டினார்.

"அங்க பாருங்க தம்பி, ஊதுது."

வெள்ளையாக ஒரு தூண் எழுந்தது. நான் கண்ணைச் சரியாக அங்கே பதிப்பதற்குள் காற்றில் கலைந்துபோனது. கொஞ்ச நேரத்தில், சற்றுத் தள்ளி, இன்னொன்று.

அவர் விலங்கின் பெயரைச் சொல்லவே இல்லை. ஊதுவது எது என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழைய கிரேக்க மாலுமிகளும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். அவர்கள் இந்த வகைப் பெரும் விலங்குக்கு வைத்த பெயர்களில் ஒன்று 'பிசெட்டர்'. 'ஊதுவது' என்று பொருள். அந்தப் பெயர் இன்றும் எண்ணெய்த் திமிங்கிலத்தின் அறிவியல் பெயரில் முன்சொல்லாக நிற்கிறது: பிசெட்டர் மக்ரோகெபாலஸ், அதாவது பெருந்தலை ஊதி. சுவாமி மலையில் நின்ற முதியவரும் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய கிரேக்க மாலுமியும் ஒரே காட்சியைக் கண்டு ஒரே வினைச்சொல்லைப் பிடித்திருக்கிறார்கள். கண்ணால் கண்டவர்கள் வைத்த பெயர் அது.

காணாதவர்களும், அரைகுறையாகக் கண்டு அஞ்சியவர்களும் வைத்த பெயர்கள் வேறு. அவற்றில் இரண்டு இன்றுவரை வாழ்கின்றன. ஒன்று நாம் நாள்தோறும் சொல்கிற 'திமிங்கிலம்'. மற்றது இலத்தீனின் 'கேட்டுஸ்'. இரண்டுமே முதலில் விலங்கின் பெயர்கள் அல்ல, பூதங்களின் பெயர்கள். பூதம் எப்படி விலங்கானது என்பது அவற்றின் இலக்கணத்துக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது.

கேட்டுஸ் என்றதும் நவக்கிரகத்துக் கேதுவோடு முடிச்சுப்போட மனம் துடிக்கும். வேண்டாம். ஒலி ஒத்திருக்கிறதே தவிர, உறவு எதுவும் இல்லை. கேது என்ற வடசொல்லுக்கு ஒளி, கொடி என்று பொருள். கேட்டுஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அதன் வடிவம் 'கேட்டோஸ்'. அதற்கு முன் எங்கிருந்து வந்தது என்பதில் மொழியியலாளர் இதுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. கிரேக்கர் அந்நாட்டுக்கு வருமுன் அங்கே வாழ்ந்தவர்களின் மொழியிலிருந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து.

ஹோமரின் காலத்தில் கேட்டோஸ் என்றால் கடலில் வாழும் பெரிய உயிர் எதுவும்தான். ஒடிசியில் கடல்நாயைக்கூட அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். பிறகு கதைகள் அதைப் பிடித்துக்கொண்டன. எத்தியோப்பிய அரசி கசியோப்பியா தன் மகளின் அழகைக் கடற்கன்னியரின் அழகுக்கும் மேலாகப் பேசப்போய், கடல் தெய்வம் சினந்து ஒரு கேட்டோஸை ஏவிவிட்டது. மகள் ஆந்திரோமேதாவைப் பாறையில் கட்டிவைத்தார்கள். பறந்து வந்த பெர்சியஸ் பூதத்தைக் கொன்று அவளை மீட்டான். குவளைகளிலும் சுவரோவியங்களிலும் அந்தப் பூதத்துக்கு நாய் முகமும் பாம்பு உடலும் மீன் வாலும் வரைந்தார்கள். அந்த உருவம் கிழக்கே காந்தாரச் சிற்பங்கள் வரை வந்திருக்கிறது. நம் கோயில் தோரணங்களில் வாய் பிளந்து நிற்கும் மகரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

உரோமர்கள் அந்தப் பூதத்தின் எலும்பையே கொண்டுவந்து காட்டியதாக உரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். கி.மு. 58இல் ஸ்கௌரஸ் என்ற அதிகாரி யோப்பா துறைமுகத்திலிருந்து உரோமுக்குக் கொண்டுவந்த எலும்புக்கூடு 40 அடி நீளம். விலா எலும்புகள் இந்திய யானையைவிட உயரம். முதுகெலும்பு ஒன்றரை அடிப் பருமன். ஆந்திரோமேதாவை விழுங்க வந்த பூதம் இதுதான் என்று மக்கள் திரண்டு பார்த்தார்கள். அது கரையொதுங்கிச் செத்த ஏதோ ஒரு திமிங்கிலமாகவே இருந்திருக்க வேண்டும். பூதத்துக்கும் விலங்குக்கும் இடையிலிருந்த திரை அன்றே சற்று விலகியிருக்கிறது, கூட்டத்தில் யாரும் கவனிக்காவிட்டாலும்.

அதற்கும் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் கவனித்திருந்தார். ஓங்கிலும் திமிங்கிலமும் காற்றை மூச்சாக இழுக்கின்றன, குட்டி போடுகின்றன, பால் கொடுக்கின்றன என்று எழுதி, அவற்றைக் கேட்டோஸ் என்ற பெயரின்கீழ் மீன்களிலிருந்து பிரித்து வைத்தார். பின்வந்தவர்கள் ஈராயிரம் ஆண்டு அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்தச் சொல் நம் கடலுக்கு வந்த கதைதான் எனக்கு எப்போதும் வியப்பு. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நெயார்க்கஸ், கி.மு. 325இல் சிந்து ஆற்று முகத்திலிருந்து பாரசீக வளைகுடா நோக்கிக் கப்பல்களை நடத்திக்கொண்டு போனான். ஒரு காலையில் கடலிலிருந்து தண்ணீர் தூணாக எழுந்தது. அது என்னவென்று மாலுமிகள் வழிகாட்டிகளைக் கேட்டார்கள். கேட்டோஸ் ஊதுகிறது என்று பதில் வந்ததும் துடுப்புகள் கையிலிருந்து நழுவின. நெயார்க்கஸ் கப்பல்களைப் போருக்குப் போவதுபோல வரிசைப்படுத்தி, எக்காளம் ஊதி, கூச்சலிட்டு, பூதங்களை நோக்கியே துடுப்பு வலிக்கச் சொன்னான். விலங்குகள் முன்னால் முழுகிப் பின்னால் எழுந்து மறுபடி ஊதின. மாலுமிகள் கைதட்டினார்கள். இந்தியப் பெருங்கடலின் திமிங்கிலத்தைப் பற்றிக் கிரேக்கர் விட்டுச்சென்ற முதல் நேரடிச் சாட்சியம் இது.

அதே பயணத்தில் இருந்த ஒனெசிக்ரிட்டஸ் என்பவன் தாப்ரொபனே தீவைப் பற்றியும் எழுதினான். தாப்ரொபனே என்பது நம் இலங்கை. அவன் சொன்னதை ஸ்ட்ராபோ தன் புவியியல் நூலில் எடுத்து வைத்திருக்கிறார். இத்தீவைச் சுற்றி நீரிலும் நிலத்திலும் வாழும் கேட்டோஸ்கள் உண்டு. சில மாடு போன்றவை, சில குதிரை போன்றவை என்கிறது அந்தக் குறிப்பு. பின்னர் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஏலியன் இன்னும் மேலே போகிறார்: தாப்ரொபனேக் கடலின் பூதங்களுக்குச் சிங்கத்தலை, சிறுத்தைத்தலை, செம்மறித்தலை, சிலவற்றுக்குப் பெண்முகம், கூந்தலுக்குப் பதில் முட்கள்.

சிங்கத்தலையை விட்டுவிடலாம். 'மாடு போன்றது' என்ற சொல்லை மட்டும் விடமுடியாது. மன்னார்க் கடலின் கடற்புல்லை மேயும் விலங்கைத் தமிழர் இன்றும் கடற்பசு என்றே சொல்கிறார்கள். ஒனெசிக்ரிட்டஸ் இலங்கைக்கு வந்தவன் அல்லன். யாரோ வணிகர் சொல்லக் கேட்டவன். அந்த வணிகர்களின் காதுக்கு நம் கரையோரத்துப் பேச்சு எட்டியிருக்கிறது என்றே நான் நம்புகிறேன். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் இயற்கை வரலாற்றை எழுதிய எமர்சன் டெனென்ட் என்பவரும் ஏலியனின் பெண்முகப் பூதத்துக்குப் பின்னால் கடற்பசுவே இருப்பதாகக் கருதினார்.

இனி இலக்கணம். கேட்டோஸ் என்ற சொல்லில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தமிழில் விலங்கு எதுவானாலும் அஃறிணை. களிறும் வந்தது, பிடியும் வந்தது. ஒன்றானால் ஒன்றன்பால், பலவானால் பலவின்பால், அதோடு முடிந்தது. கிரேக்கமும் இலத்தீனும் அப்படியல்ல. மேசைக்கும் மரத்துக்கும்கூட ஆண்பால், பெண்பால் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது பாலும் உண்டு. கிரேக்கத்தில் கேட்டோஸ் மூன்றாவது பாலைச் சேர்ந்தது. அதன் பன்மை 'கேட்டே'.

இந்தச் சொல்லை உரோமர் கடன் வாங்கியபோது ஒரு குழப்பம் நேர்ந்தது. கிரேக்கத்தில் 'ஓஸ்' என்று முடியும் பெயர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் மிகப் பல ஆண்பால். அவற்றை வாங்கும்போதெல்லாம் 'ஓஸ்' ஈற்றை 'உஸ்' ஆக்கி ஆண்பாலில் சேர்த்துக்கொள்வது உரோமரின் வழக்கம். கேட்டோஸும் 'ஓஸ்' என்றுதானே முடிகிறது? அதையும் அதே வரிசையில் நிறுத்திவிட்டார்கள். கேட்டுஸ் ஆண்பாலாயிற்று. ஆனால் பன்மைக்கு வரும்போது, கிரேக்கம் படித்த கவிஞர்களின் காதில் 'கேட்டே' ஒலித்துக்கொண்டே இருந்தது. வெர்ஜில் தன் காவியத்தில் அதையே பயன்படுத்துகிறார், மூன்றாம் பாலில்.

ஆக, பூதம் ஒன்றாக வந்தால் 'அவன் வந்தான்'. கூட்டமாக வந்தால் 'அவை வந்தன'. ஒருமையில் ஒரு பால், பன்மையில் வேறு பால் கொண்ட சொற்கள் இலத்தீனில் வேறும் சில உண்டு. இது அவற்றில் எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. கதையில் தனியாக எழுந்து வரும் பூதத்துக்கு ஒரு முகம், ஒரு கோபம், ஒரு பகை உண்டு. அதை 'அவன்' என்று சொல்லத் தோன்றும். தூரத்தில் கூட்டமாக ஊதிச் செல்பவை 'அவை' மட்டுமே. உரோமர் இதையெல்லாம் யோசித்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. காது செய்த பிழை அது. சில பிழைகள் திருத்தத் தோன்றாத அளவுக்கு அழகாக அமைந்துவிடுகின்றன.

இதே இரட்டை வடிவத்தை 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் உருவாக்கத் தொடங்கிய இலத்தீன் விவிலியத்திலும் பார்க்கலாம். ஆதியாகமத்தில் ஐந்தாம் நாள் படைக்கப்படும் பெரும் கடலுயிர்களுக்கு அது 'கேட்டே' என்ற பன்மையைத் தருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவற்றை மகா மச்சங்கள் என்கிறது. மத்தேயு நற்செய்தியில் யோனா இருந்த வயிற்றைச் சொல்லும்போது 'கேட்டி', அதாவது 'கேட்டுஸின்' என்ற ஒருமை. எபிரேய மூலத்தில் யோனாவை விழுங்கியது வெறும் 'பெரிய மீன்'. அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள்தாம் கேட்டோஸ் ஆக்கினார்கள். மீன் பூதமாகி, பூதம் திமிங்கிலமாகி, இன்று ஞாயிறு மறைப்பள்ளிப் பிள்ளைகள் வரையும் படத்தில் தண்ணீர் ஊதிக்கொண்டு நிற்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் மதரசாப் பிள்ளைகள் அதே கதையை யூனுஸ் நபியின் பெயரால் படிக்கிறார்கள். அங்கே விழுங்கியது 'ஹூத்', மீன். கொட்டியாரக்குடாவின் ஒரு கரையில் நின்று பார்த்தால் மறுகரை தெரியும். இரண்டு கரையிலும் அந்த மனிதர் மீன் வயிற்றிலிருந்து மன்றாடுகிறார்.

'கேட்டி' என்ற அந்த ஆறாம் வேற்றுமை வடிவத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நாம் 'திமிங்கிலத்தின்' என்று அத்துச் சாரியையும் இன் உருபும் சேர்ப்பதை, இலத்தீன் ஈற்றில் ஓர் இகர ஒலியால் முடித்துவிடுகிறது. இந்த இகரம் போயிருக்கும் தொலைவு சாதாரணமல்ல.

எண்ணெய்த் திமிங்கிலத்தின் பெருந்தலைக்குள் வெண்மையான மெழுகுபோன்ற எண்ணெய் நிரம்பியிருக்கும். ஒரு பெரிய ஆண் விலங்கின் தலையில் ஆயிரம் லீற்றருக்கு மேல் இருக்கலாம். இடைக்காலத்தவர் அதை விந்து என்று தவறாக எண்ணி 'ஸ்பெர்மா கேட்டி', கேட்டுஸின் விந்து, என்று பெயரிட்டார்கள். அது உண்மையில் ஒலிக் கருவி. இருண்ட ஆழத்தில் கணவாயைத் தேடித் தட்டொலிகளை அனுப்பும்போது அவற்றைக் குவிக்க உதவுகிறது. பெயர் மட்டும் தவறாகவே நிலைத்துவிட்டது. அந்த மெழுகில் செய்த திரி புகையின்றி, நிலையாக எரியும். அதனால் 1860இல் பிரித்தானியச் சட்டம் வெளிச்சத்தை அளக்கும் அலகையே அந்த மெழுகுதிரியை வைத்து வரையறுத்தது.

1817இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரோல் அந்த மெழுகிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். கேட்டுஸிலிருந்து வந்ததால் அதற்கு 'சீட்டைல்' என்று பெயர். பிற்கால வாய்களில் ககரம் சகரமாகிவிட்டது. அந்தக் குடும்பத்தில் வந்த ஐதரோகாபன் சீட்டேன். 16 காபன் அணுக்களின் நேர்ச்சங்கிலி. டீசல் எஞ்சினில் எரிபொருள் எவ்வளவு விரைவாகப் பற்றிக்கொள்கிறது என்பதை அளக்க, தூய சீட்டேனுக்கு 100 என்று மதிப்பு வைத்திருக்கிறார்கள். உலகின் எந்த டீசலுக்கும் ஒரு சீட்டேன் எண் உண்டு. டீசல் எஞ்சினோடு கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகின் தாங்கியிலும் ஆந்திரோமேதாவின் பூதம் பெயரளவில் படுத்திருக்கிறது.

மற்றோர் இகரம் வானத்தில் இருக்கிறது. பூதத்தைக் கிரேக்கர் விண்மீன் கூட்டமாக ஏற்றிவைத்தார்கள். விண்மீன்களுக்குப் பெயரிடும்போது கூட்டத்தின் பெயரை ஆறாம் வேற்றுமையில் சொல்வது வானியலின் மரபு. ஆகவே டௌ கேட்டி என்றால் கேட்டுஸின் டௌ. சூரியனைப் போன்ற அந்த விண்மீன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 12 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அரபு வானியலாளர் கேட்டோஸை 'கைத்தூஸ்' என்று எழுதி, வால் பக்கத்து விண்மீனை 'தனப் கைத்தூஸ்' என்றார்கள். தனப் என்றால் வால். அந்த அரபுப் பெயர் ஐரோப்பிய வானப் படங்களிலும் ஏறிவிட்டது.

1758இல் சுவீடனின் லின்னேயஸ் தன் உயிரின வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் ஒரு பெரிய காரியம் செய்தார். அதுவரை மீன்களோடு வைத்திருந்த திமிங்கிலங்களைத் தூக்கிப் பாலூட்டிகளில் சேர்த்தார். அரிஸ்டாட்டில் சொன்னது அப்போதுதான் நிலைபெற்றது. அந்த வரிசைக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'கேட்டே'. வெர்ஜில் எழுதிய அதே பன்மை, அதே மூன்றாம் பால். நான்கு ஆண்டுகளில் பிரெஞ்சு விலங்கியலாளர் பிரிசோன் அதை 'கேட்டாசியா' ஆக்கினார். 'கேட்டுஸ் இனத்தன' என்று பொருள். அதுவும் பலவின்பாலே. பூதங்கள் ஒருவழியாக நம் தமிழ் இலக்கணத்துக்கு வந்து சேர்ந்தன.

சுவாமி மலையிலிருந்து தெரியும் நீலத் திமிங்கிலத்தின் முழுப் பெயர் பலேனொப்தெரா மஸ்குலஸ் இண்டிகா. இதிலும் ஓர் இலக்கணப் பாடம் உண்டு. 'இண்டிகா' பெயரடை. 1859இல் கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்திலிருந்த எட்வர்ட் பிளைத் வைத்தது. பெயரடை முன்சொல்லின் பாலோடு இயைய வேண்டும். பலேனொப்தெரா பெண்பால், ஆகவே இண்டிகா. மாமரத்தின் பெயரிலும் அதே காரணத்தால் இண்டிகா. எள்ளின் பெயர் மூன்றாம் பால், அதற்கு இண்டிகும். நடுவிலிருக்கும் 'மஸ்குலஸ்' பெயர்ச்சொல், அதனால் பால் மாறாமல் நிற்கிறது. அதன் பொருள் சிற்றெலி. லின்னேயஸ் வைத்தது. அதே நூலில் வீட்டுச் சுண்டெலிக்கும் அவர் மஸ்குலஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார். திமிங்கிலத்துக்கு முன்னே நீந்தி ஆழமற்ற இடங்களைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கடலுயிரை மஸ்குலஸ் என்று பிளினி சொல்கிறார். அங்கிருந்து பெயரை எடுத்திருக்கக்கூடும். உலகில் இதுவரை வாழ்ந்தவற்றில் மிகப் பெரிய விலங்கென்று கருதப்படுவது சிற்றெலிப் பெயரைச் சுமந்துகொண்டு கோணமலையைக் கடந்து போகிறது.

நம் சொல்லுக்கு வருவோம். திமிங்கிலமா, திமிங்கலமா என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டது நினைவிருக்கிறது. வடமொழியில் 'திமி' ஒரு பெருமீன். 'கில' விழுங்குவது. திமியை விழுங்குவது திமிங்கிலம். திமிங்கிலத்தையும் விழுங்குவது ஒன்று உண்டு: திமிங்கிலகிலம். மகாபாரதத்தின் கடல் வருணனைகளில் திமிங்கிலங்கள் புரளுகின்றன. திமிக்கும் கிலத்துக்கும் நடுவே ஒரு மெல்லொலி எப்படி வந்தது என்பது வடமொழி இலக்கணக்காரர்களுக்கு ஒரு கேள்வி. பாணினியின் நூலுக்கு எழுந்த காசிகை உரை, 'கில' வரும்போது முன்சொல்லோடு ஒரு மகரம் சேரும் என்று இந்தச் சொல்லையும் திமிங்கிலகிலத்தையும் உதாரணம் காட்டியே விதி சொல்கிறது. கண்ணால் யாரும் பார்த்திராத ஒரு விலங்குக்கென்று புணர்ச்சி விதி எழுதினார்கள். அந்த அக்கறை என்னை நெகிழச் செய்கிறது.

பாலி நூல்களில் வடிவம் சற்று மாறி 'திமிங்கல' என்று வரும். உதானம் என்ற பௌத்த நூல் பெருங்கடலின் வியப்புகளைச் சொல்லுமிடத்தில் திமியையும் திமிங்கலத்தையும் எண்ணி, அங்கே 100 யோசனை முதல் 500 யோசனை வரை நீண்ட உடல்கள் உண்டு என்கிறது. அந்தப் பாலி நூல்கள் ஏட்டில் எழுதப்பட்டது இந்தத் தீவில் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். ஆகவே 'திமிங்கலம்' என்று எழுதிய பிள்ளையைத் தண்டிக்க வேண்டியதில்லை. அந்த வடிவத்துக்கும் வயது ஈராயிரம். நான் திமிங்கிலம் என்றே எழுதுவேன். 'கில' இருந்தால் விழுங்கும் வாய் தெரிகிறது. 'கலம்' என்று எழுதினால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்தான் கண்ணுக்கு வருகிறது.

கேட்டோஸில் பருமன் மட்டுமே இருந்தது. திமிங்கிலத்தில் ஒரு செயலும் இருக்கிறது: விழுங்குதல். அந்தச் செயல் உண்மைதானா?

நீலத் திமிங்கிலம் வாயைத் திறந்து பாய்ந்தால் பல பத்துத் தொன் நீர் உள்ளே போகும். தாடைக்குக் கீழுள்ள மடிப்புகள் விரிந்து கொள்ளும். பிறகு நீரை மேல்தாடையில் தொங்கும் தகடுகள் வழியே வெளியேற்றி, எஞ்சியதை மட்டும் உட்கொள்ளும். இலங்கைக் கடலில் எஞ்சுவது பெரும்பாலும் சிறு இறால் வகை என்று கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ் குழுவின் ஆய்வு காட்டியிருக்கிறது. தொண்டையோ மிகக் குறுகல்; மனிதனை விழுங்க முடியாது. எண்ணெய்த் திமிங்கிலம் வேறு. அதற்குப் பல்லும் உண்டு, அகன்ற தொண்டையும் உண்டு. ஆயிரம் மீட்டருக்குக் கீழே போய் பெரிய கணவாய்களை விழுங்கிவிட்டு வரும். 'கில' என்ற பெயருக்கு உரிமையானது அதுதான்.

இரண்டும் திருகோணமலைக் கரைக்கு இவ்வளவு அருகில் வருவதற்கு நிலம் காரணம். மகாவலி 335 கிலோமீட்டர் ஓடிக் கொட்டியாரக்குடாவில் விழுகிறது. அதன் முன்னே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு வெட்டிக்கொண்டு போகிறது. துறைமுக வாயிலைத் தாண்டிச் சில கிலோமீட்டரிலேயே ஆழம் ஆயிரம் மீட்டரைக் கடந்துவிடும். வேறு இடங்களில் நாள் முழுக்கப் படகில் போய்ச் சேரவேண்டிய ஆழம் இங்கே கோயில் வாசலுக்கு எதிரே இருக்கிறது. போர்க்கப்பல்களை இந்தத் துறைமுகத்துக்கு இழுத்துவந்த ஆழமும் இதே ஆழம்தான்.

1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவித்தது. அதற்கு முன், 1960களில், சோவியத் கப்பல்கள் இந்தக் கடலின் வட பகுதியில் கள்ளமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றிருந்தன. 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற பாய்ப்படகில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக்கு அப்பால் எஞ்சியவற்றைப் பின்தொடர்ந்தார்கள். எக்காளமோ கூச்சலோ இல்லை. ஒலிவாங்கியை நீரில் இறக்கிக் காதுகொடுத்தார்கள். அவர்கள் பதிவுசெய்த நீலத் திமிங்கிலப் பாட்டு வேறு கடல்களில் கேட்ட பாட்டுகளிலிருந்து வேறுபட்டிருந்தது. இந்தக் கடலின் கூட்டத்துக்கு அதற்கேயுரிய பாட்டு உண்டு என்பது தெரிந்தது. பிறகு உள்நாட்டுப் போர் அந்தக் கடலை மூடிவிட்டது. 2009க்குப் பின்புதான் படகுகள் பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு தாராளமாகப் போகத் தொடங்கின.

அந்தப் படகுகளை ஓட்டும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். ஊதுவது தெரிந்ததும் எஞ்சினை முடுக்கி அதன் முன்னால் பாயாதீர்கள். பயந்துபோன மாலுமிகளை வைத்து நெயார்க்கஸ் செய்த காரியம் அது. வேகத்தைக் குறைத்து, விலகி நின்று பாருங்கள்; அது மூச்செடுக்கத்தான் மேலே வந்திருக்கிறது.

வாடை தொடங்கிவிட்டால் பார்வையாளர் படகுகள் நின்றுவிடும். அப்போதும் கேட்டுஸைப் பார்க்கலாம். தை பிற்பாதியில், மழை விட்ட ஓர் இரவில், இருட்டியதும் சுவாமி மலைக்கோ உப்புவெளிக் கரைக்கோ போய் மேலே பாருங்கள். பூதத்தின் தலை ஏறக்குறைய உச்சியில் இருக்கும். நடுவில் மீரா என்ற செந்நிற விண்மீன் உண்டு. 1596இல் டேவிட் ஃபப்ரீசியஸ் அது தோன்றி மறைவதைக் கண்டார். ஏறத்தாழ 332 நாளுக்கு ஒருமுறை ஒளிர்ந்து, பின் வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் மங்கிப் போகும். வாலிலுள்ள தனப் கைத்தூஸ் தென்மேற்கே, உள்துறைமுகத்துக்கு மேலே நிற்கும்.